சுடாத துவக்குகள்

அந்த வீட்டுக்குக் குடிபோன இரண்டாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பொலிஸ் வந்தது. எனக்கு ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் லோண்டரியில் மத்தியான வேலை. குசினி ஜன்னலோரம் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கேற்றைத் திறந்துகொண்டு நீலச் சட்டையில் இரண்டு பேர் வந்தார்கள். கோப்பையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. பின்பக்கத்து அறைக்குள் ஓடி, தோய்க்கிற மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நின்றேன்.

நாற்பது வயது மனிதன் அப்படி நின்றதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது நான் இந்த நாட்டுக்குப் படகில் வந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. கையில் இருந்தது பிரிட்ஜிங் விசா என்கிற தற்காலிக விசா. நல்ல நடத்தையோடு இருப்பேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தேன். பொலிசில் என் பெயர் ஒரு தடவை ஏறினாலும் விசா போகலாம், விசா போனால் தடுப்பு முகாம், அங்கிருந்து கொழும்பு விமானம். மன்னாரில் மனைவியும் மகளும் என் தொலைபேசிக்காகக் காத்திருந்தார்கள். ஆகவே தெருவில் பொலிஸ் வாகனத்தைக் கண்டால் எதிர்ப்பக்கம் போவேன். பச்சை விளக்கு விழாமல் ஒருநாளும் வீதியைக் கடக்கமாட்டேன்.

கதவடியில் ஏதோ ஆங்கிலத்தில் பேசிக் கேட்டது. பிறகு வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

“தம்பி, எங்கை நிக்கிறீர்? வெளியில வாரும். இவை உம்மைப் பாக்க வரேல்லை. துவக்குப் பாக்க வந்தவை.”

அந்த வீட்டுக்குள் துவக்கு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

என் அறைக்குப் பக்கத்து அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். பழைய சாமான்கள் என்று நினைத்திருந்தேன். அன்று அது திறந்திருந்தது. உள்ளே சுவரோடு போல்ட் அடித்து இறுக்கிய ஓர் இரும்பு அலுமாரி. பொலிஸ்காரர்களில் ஒருவர் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மற்றவர் ஒரு தாளைப் பார்த்து இலக்கங்களைச் சரிபார்த்தார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகிற வழக்கமான சோதனைதானாம். பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். போகும்போது ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரித்தேனா தெரியாது.

அலுமாரி இறுக்கியிருந்தது என்னுடைய அறைச் சுவரில்தான். அந்தப் பக்கம் துவக்கு, இந்தப் பக்கம் என் தலையணை. இரண்டு மாதம் அப்படிப் படுத்திருக்கிறேன். அன்றைக்கே கட்டிலை ஜன்னல் பக்கமாக இழுத்தேன். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரர் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

“ஜன்னலடியில குளிர் அடிக்குமே.”

“பரவாயில்லை அங்கிள்.”

“பிழையான துவக்கு இல்லைத் தம்பி. லைசன்ஸ் இருக்கு. அது பாவிக்கிறதுக்கு இல்லை.”

பாவிக்கிறதுக்கு இல்லை. அவரோடு இருந்த ஒன்றரை வருடத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து, மகள் மெல்பனில் மல்கிரேவுக்குக் கலியாணம் முடித்துப் போனபின், சிட்னியின் மெரிலேண்ட்ஸில் அந்த வீட்டில் தனியாக இருந்தார். நிரந்தர விசா இல்லாதவனுக்கு அறை தர அங்கே அவர் ஒருவர்தான் இருந்தார். பின்பு மகளோடு போய் இருந்து அங்கேயே காலமானார். நல்ல மனிதர். ஆனால் வாங்கிய எதையும் பிரிக்கமாட்டார்.

காரின் இருக்கைகளில் கடைக்காரன் போட்ட பொலித்தீன் அப்படியே இருக்கும். கோடையில் அதில் உட்கார்ந்து எழும்பினால் முதுகு ஒட்டிக்கொள்ளும். ஹோல் கதிரைகளுக்கும் உறை. மகள் பிறந்தநாளுக்கு அனுப்பிய சட்டைகள் ஊசி குத்தியபடி அலுமாரியில் அடுக்கியிருக்கும். வெளியில் போக அவர் போடுவது காலர் தேய்ந்த இரண்டே இரண்டு சட்டைகள். குசினியில் ஒரு தேநீர்க் கோப்பைச் செட் பெட்டியோடு இருந்தது. ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“மனுசி சாகும்வரைக்கும் கேட்டவ, ஒருக்கா இதில தேத்தண்ணி குடிப்பமெண்டு. நான் விடேல்லை. ஒண்டு உடைஞ்சாலும் செட் போச்செல்லே.”

சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துவக்குகளை ஒருமுறை எனக்குக் காட்டினார். நான் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டேன். மாதத்தில் முதல் ஞாயிறு காலையில் அவர் அவற்றைத் துடைப்பார். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொள்வார், விரல் பட்டால் தங்கப் பூச்சில் தடம் விழும் என்று. அன்று கதவு திறந்திருந்தது. “அதிலேயே நிண்டு பாரும், உள்ளுக்கை வராதையும்” என்றார்.

மூன்று இருந்தன. மூன்றும் ஒரே இனம். விசையைச் சுற்றி வளையமாக ஒரு கைபிடி இருக்கும், லீவர் என்பார்கள். அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த ரவை ஏறும். குதிரைக்காரர்கள் பாவித்த பழைய மாதிரி. இவை நினைவுப் பதிப்புகள்: ஒன்று ஏதோ ரயில் பாதையின் நூறாவது வருடத்துக்கு, மற்றவை ஏதேதோ நகரங்களுக்கு. பக்கங்களில் தங்கப் பூச்சு, அதில் செதுக்கிய ரயில், மான், மலை. மரத்தில் பதித்த பதக்கம். ஒவ்வொன்றுக்கும் அதன் பெட்டி, காகித உறை, சான்றிதழ்.

வடிவாகத்தான் இருந்தன. நான் ஊரில் பார்த்த துவக்குகளில் தங்கம் இருந்ததில்லை, கீறலும் துணிக்கட்டும்தான் இருந்தன. ஆனால் குழாயின் வாய் ஒன்றுதான். அவர் அதைத் திருப்பித் திருப்பித் துடைக்கும்போது, அந்த வட்டமான இருட்டு ஒரு கணம் என் பக்கம் வந்து போகும். அப்போதெல்லாம் நான் கதவு நிலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“லீவரை நான் ஒருநாளும் இழுத்துப் பாத்ததில்லை” என்றார் அவர், பெருமையாக. “இழுத்தா உள்ளுக்கை ஒரு கோடு விழும். கோடு விழுந்தா விலை விழும். சுட்டா பாதியும் வராது. பெட்டியோட, உறையோட, சுடாமல் இருக்கவேணும். அப்பதான் இது சாமான்.”

“சுடாட்டி பிறகு என்னத்துக்கு அங்கிள் துவக்கு?”

நிமிர்ந்து பார்த்தார். “அதுதான் தம்பி. உலகத்தில வேற எந்தத் துவக்குக்கும் இப்பிடி இல்லை. சுடாததுக்குத்தான் விலை.”

அந்தப் பேச்சுக்குப் பிறகும் என் பயம் குறையவில்லை. சாவி எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லமாட்டார். லைசன்ஸ் இல்லாத எனக்கு அது தெரிந்திருந்தாலே குற்றமாம். அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. தற்செயலாக ஒரு லாச்சியைத் திறந்து சாவியைக் கண்டுவிட்டால்? கரண்டி தேடக்கூட அவரைக் கேட்காமல் லாச்சி திறப்பதில்லை. மன்னாருக்குப் பேசும்போது மனைவியிடம் துவக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் அன்றே வெளியேறச் சொல்வாள். வெளியேறி எங்கே போவது?

அவருடைய மகள் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுப்பாள். “அப்பா, அதுகளை வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ” என்று ஸ்பீக்கரில் அவள் சொல்வது எனக்குக் கேட்கும். மாநிலம் மாறினால் லைசன்ஸ், பதிவு எல்லாம் மாற்றவேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கொண்டுவர விடமாட்டேன் என்பாள். நீண்ட நாள் இழுபறிக்குப் பிறகு வீட்டுக்காரர், தான் உறுப்பினராக இருந்த சேகரிப்பாளர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டு குத்தினார். நினைவுத் துவக்குகள் மூன்று, சுடாதவை என்று எழுதி, பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் போட்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிருந்தார். மணி அடித்தது. தொப்பி போட்ட ஒருவன் வாசலில் நின்றான். இன்னொருவன் காருக்குள் இருந்தான், எஞ்சினை நிறுத்தாமல்.

“கிழவரின் தங்கத் துவக்குகள் இங்கேதானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“தெரியாது” என்றேன்.

“ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறோம். எந்த அறையில்?”

“ஓனர் இல்லை.”

“அப்போ நீ மட்டும்தான் இருக்கிறாய்” என்றான். சிரித்துக்கொண்டே, என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். நான் கதவைச் சாத்திச் சங்கிலியைப் போட்டேன். அவன் வீட்டின் பக்கவாட்டால் நடந்துபோய் என் ஜன்னலடியில் நிற்பது திரைச்சீலையில் நிழலாகத் தெரிந்தது. பொலிசுக்கு எடுக்கவேண்டிய நேரம். கைத்தொலைபேசியில் அவசர இலக்கமான மூன்று பூச்சியங்களையும் அழுத்தினேன், அழைக்கிற பொத்தானை அழுத்தவில்லை. வருகிறவர்கள் முதலில் யாருடைய பெயரைக் கேட்பார்கள்? துவக்கு இருக்கிற வீட்டில் நீ யார் என்று கேட்டால்? தரையில் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கார் போய்விட்டது. பிறகு அதே கார் மெதுவாக இரண்டு தடவை தெருவில் போய் வந்தது.

வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் கோயில் மணி கேட்டது. எல்லாவற்றையும் சொல்லி முடிய அவர் கேட்டார்:

“அவனிட்டை லைசன்ஸ் இருக்கோ எண்டு கேட்டனீரோ?”

எனக்கு அழுகை வந்தது. “அங்கிள், நான் வேற அறை பாக்கிறன்” என்றேன்.

“பொறும். வாறன்” என்றார்.

அவர் வந்ததும் பொலிசுக்குத் தானே எடுத்துச் சொன்னார். கேள்வி எல்லாம் அவரிடமே முடிந்தது. திங்கட்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு, லைசன்ஸ் உள்ள ஒரு துவக்கு வியாபாரியிடம் போனார். துவக்குகள் பூட்டிய பெட்டிகளில் காரின் பின்பக்கம் இருந்தன. வழி முழுக்க ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் கண்ணை மூடினேன்.

வியாபாரி வெள்ளைக்காரர், இவரளவு வயது. பொறுமையான மனிதர். கையுறை போட்டுத்தான் எடுத்தார். அது வீட்டுக்காரருக்குப் பிடித்தது. குழாய்க்குள் ஒரு சின்ன விளக்கை விட்டுப் பார்த்தார். பூதக்கண்ணாடியால் தங்கத்தைப் பார்த்தார். “இவ்வளவு சுத்தமாக வைத்திருந்தவரை நான் கண்டதில்லை” என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு வியாபாரி விஷயத்துக்கு வந்தார். அரிய பொருள் என்று சொல்லித்தான் இவற்றை விற்றார்களாம். ஆனால் செய்தது ஆயிரக்கணக்கில். வாங்கிய எல்லோரும் பெட்டியோடு வைத்தார்கள், அதனால் இன்றைக்கும் எல்லாம் புதிதாகவே கிடக்கின்றன. சேர்த்தவர்கள் செத்துப்போக, பிள்ளைகள் விற்கிறார்கள். வாங்க ஆள் இல்லை.

“முதலீடாக வாங்குவது வீண். யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: மலிவாகக் கிடைத்தால் வாங்கு, பெட்டியைத் தூக்கி எறி, காட்டுக்குக் கொண்டுபோய் ஆசைதீரச் சுடு. உள்ளே இருப்பது நல்ல துவக்கு.”

வீட்டுக்காரரின் முகம் சுருங்கியது. “ஆனால் இவை சுடாதவை” என்றார்.

“தொழிற்சாலையை விட்டு வந்தபிறகு சுடவில்லை” என்றார் வியாபாரி.

“அப்படியென்றால்?”

“இரண்டு மூன்று ரவை போட்டு, சுட்டுப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவார்கள். தங்கமோ தகரமோ, எல்லாவற்றையும்.”

“இந்த மூன்றையும்?”

“ஒவ்வொன்றையும்.”

இத்தனை வருடத்தில் சங்கத்தில் யாரும் இதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லையா, சொன்னது காதில் விழவில்லையா, எனக்குத் தெரியாது. வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே வியாபாரி ஒரு விலை சொன்னார். “யோசித்துச் சொல்கிறேன்” என்று வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, துவக்குகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். கையுறை போடவில்லை. அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பூட்டிவிட்டு ஹோலில் உட்கார்ந்தார். அன்றுதான் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் போன தம்பியைச் சந்தியில் வைத்துச் சுட்டார்களாம். அப்போது இவர் சிட்னிக்கு வந்து ஒரு வருடம்.

“ஆர் சுட்டது?”

“இண்டைக்கும் தெரியாது. ஆமியெண்டு சிலபேர், இயக்கப் பெடியள் எண்டு சிலபேர்.” கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரயில்வேயில என்னோட வேலை செய்த ஒருத்தன் இந்தத் துவக்குகளைப் பற்றிச் சொன்னவன். சுடாமல் வைச்சாத்தான் விலை எண்டான். எனக்கு அது நல்லாயிருந்தது தம்பி. மூண்டு துவக்கை எண்டாலும் சுடாமல் வைச்சிருக்கிறன் எண்டு இருந்தன்.”

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பூட்டிய அறையைக் கடக்கும்போது சுவரோரமாக நடந்தார். என் நடையை அவரிடம் கண்டேன். வியாழக்கிழமை குசினியில் என்னிடம் கேட்டார்:

“உமக்கு இந்த வீட்டுக்குள்ள எப்பவும் பயமாத்தானே இருந்தது?”

“ஓம் அங்கிள்.”

“நான் யோசிக்கேல்லை” என்றார்.

விற்கவில்லை. வாங்குகிறவன் சுடத்தான் வாங்குவான் என்று வியாபாரியே சொல்லிவிட்டாரே. பொலிசுக்கு எடுத்துப் பேசினார். ஒப்படைத்தால் அழித்துவிடுவார்களாம். பூட்டிய பெட்டியில் கொண்டுவாருங்கள், துவக்கோடு உள்ளே வரவேண்டாம், முதலில் வந்து சொல்லுங்கள் என்றார்களாம். அவருடைய மகளுக்குச் சந்தோஷம். “நீரும் வாறீரோ?” என்று என்னைக் கேட்டார். பொலிஸ் நிலையம் என்றதும் எனக்குப் பழைய பயம் வந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்தினார். இறங்கக் கதவைத் திறந்தவர், மறுபடி சாத்தினார்.

“ஐயோ தம்பி. நான் உள்ளுக்கை போனா, நீர் துவக்குகளோட தனிய இருக்கவேண்டி வரும். லைசன்ஸ் இல்லாமல் அது பிழை.”

“அப்ப?”

அவர் நிலையத்தின் கண்ணாடிக் கதவைக் காட்டினார். யாராவது ஒருவர் காரோடு நிற்கவேண்டும், அது நானாக இருக்க முடியாது, உள்ளே போய்ச் சொல்வதுதான் என் வேலை.

காருக்கும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கும் முப்பது அடிகூட இராது. ஆங்கில வசனத்தை மனதில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். துவக்கு என்ற சொல் முதலில் வந்தால் என்ன நினைப்பார்கள்? கிழவரைப் பற்றித் தொடங்குவது என்று முடிவுசெய்தேன். இரண்டு கைகளையும் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டேன். உள்ளே எனக்கு முன்னால் ஒரு பெண் தொலைந்த பையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மெதுவாகச் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் முடித்துவிட்டார்.

கவுண்டரில் இருந்த பொலிஸ் பெண் நிமிர்ந்தார்.

“வெளியே காரில் ஒரு வயதானவர் இருக்கிறார். அவர் நல்லவர். தன்னுடைய துவக்குகளை உங்களிடம் தர விரும்புகிறார். லைசன்ஸ் இருக்கிறது. எல்லாம் பூட்டி இருக்கிறது. எனக்கு லைசன்ஸ் இல்லை, நான் தொடவில்லை.”

“ஓ, நேற்றுத் தொலைபேசி எடுத்தவரா? பக்கத்துக் கேற்றால் காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள்” என்றார். பேனையை எடுத்தார். “உங்கள் பெயர்?”

சொன்னேன். முழுப்பெயரையும், எழுத்துக் கூட்டி. எழுதிக்கொண்டார். “நன்றி, அன்பே” என்றார், இங்கே எல்லோரிடமும் சொல்கிற மாதிரி. அவ்வளவுதான். அந்தப் பெயரால் எனக்கு ஒரு தீங்கும் வரவில்லை. சில வருடங்களில் நிரந்தர விசா வந்தது, மனைவியும் மகளும் வந்தார்கள். ஆனால் அப்போது அது எனக்குத் தெரியாதே. வெளியே வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்முற்றத்தில் பெட்டிகளைத் திறந்து இலக்கங்களை எழுதினார்கள். தங்கத்தைக் கண்டதும் அந்தப் பெண் மெல்லச் சீட்டியடித்தார். “இவ்வளவு அழகானவற்றை ஏன் ஒப்படைக்கிறீர்கள்?” என்று கேட்டார், படிவத்தில் காரணம் எழுத ஓரிடம் இருந்தது.

“இவற்றால் சுட்டிருக்கிறார்கள்” என்றார் வீட்டுக்காரர்.

“அதற்குத்தானே செய்கிறார்கள்” என்றார் அந்தப் பெண், அன்பாகத்தான். “இனித் தேவையில்லை” என்று காரணத்தைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் காரை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். வாங்கினார், குடிக்கவில்லை.

“தம்பி, நீர் முதல்முதலாத் துவக்குச் சத்தம் கேட்டது எப்ப?”

இந்த நாட்டில் அதிகாரிகள் என்னிடம் நூறு கேள்வி கேட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வைத்து, ஒலிப்பதிவு செய்து கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு ஐந்து வயது என்றேன். கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலுக்குள் விளையாடிக்கொண்டிருந்தேன். கூரைத் தகரத்தில் யாரோ கல்லெறிகிறார்கள் என்றுதான் நினைத்தேன், யார் என்று பார்க்க வெளியே ஓடினேன். அப்பா பின்னால் வந்து என் மேல் விழுந்தார். அவருடைய பாரம் தாங்காமல் என் வாய்க்குள் மணல் போய்விட்டது. சத்தம் நின்ற பிறகும் அவர் எழும்பவில்லை. பயத்தில் படுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு...

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வேலை முடிந்து வெளியே வந்த ஒரு பொலிஸ்காரர் குனிந்து, எல்லாம் சரிதானா என்று கேட்டார். நான் என் பக்கக் கண்ணாடியை இறக்கினேன்.

“ஒன்றும் இல்லை. கதைத்துக்கொண்டிருக்கிறோம்” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சொன்னேன்.